நாற்பது கட்டங்களில் ஓர் அணை

(போளூரில் ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். புதிய செயலி எதையும் நான் கொண்டு வரவில்லை. நம் பள்ளி ஆய்வகத்தில் விண்டோஸ் உள்ள எந்தக் கணினியைத் திறந்தாலும் அதனுள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதன் பெயர் கமாண்ட் பிராம்ப்ட். மாணவர்கள் வைத்த பெயர் "கருப்புத் திரை". அதில் படம் வராது, பாட்டு வராது. எழுத்தும் எண்ணும் மட்டுமே வரும்.

அந்தக் கருப்புத் திரையில் என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஓர் அளவுப் பட்டை வரைந்தார்கள். கைப்பேசியில் மின்கலம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுமே, அதைப் போன்ற ஒன்று. வண்ணம் கிடையாது. சதுர அடைப்புக்குறிக்குள் நிரம்பிய பகுதிக்கு # குறி, காலியான பகுதிக்குச் சிறு கோடு. அவ்வளவுதான்:

[##################----------------------]

இதை வரைய இரண்டு பாடவேளை போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். இது கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமான பேச்சு அல்ல. வகுத்தலும் மீதியும் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், மதிப்பெண் பதிவேடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நம் மாவட்டத்து அணைகள்

எதை அளப்பது என்று முதலில் மாணவர்களிடமே கேட்டேன். அது மழைக்காலம். செண்பகத்தோப்பு அணை என்றார்கள். நம் போளூர் வட்டத்தில், படவேட்டுக்கு அருகில், கமண்டல நாகநதியில் கட்டப்பட்ட அணை. அந்த ஆறுதான் பட்டு நெய்யும் ஆரணிக்கும் போகிறது. ஆகவே அது பலருக்கும் சொந்த ஆறு.

செண்பகத்தோப்பு அணையின் முழு உயரம் 62.32 அடி. செங்கம் பக்கம் உள்ள குப்பநத்தம் அணை 59.04 அடி. கலசபாக்கம் பக்கம் உள்ள மிருகண்டா நதி அணை 22.97 அடி. தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணை 119 அடி. மழைக்காலத்தில் நாளிதழ்களில் இந்த நான்கின் நீர்மட்டமும் வரும். கரும்பலகையில் எழுதிப் போட்டோம்.

இப்போது முதல் கேள்வி. ஓர் அணையில் 55 அடி தண்ணீர் இருக்கிறது. இது அதிகமா, குறைவா?

எந்த அணை என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. சாத்தனூரில் 55 அடி என்றால் பாதிக்கும் கீழே. குப்பநத்தத்தில் 55 அடி என்றால் நிரம்பும் நிலை. மிருகண்டா நதி அணையில் 55 அடி என்பதே கிடையாது. நாற்பது கட்டம் உள்ள பட்டையில் போட்டால் சாத்தனூருக்கு 18 கட்டம், செண்பகத்தோப்புக்கு 35 கட்டம், குப்பநத்தத்துக்கு 37 கட்டம். எண் ஒன்றுதான், பட்டைகள் வேறு. "முழு அளவு எது?" என்று கேட்காமல் எந்தப் பட்டையையும் வரைய முடியாது என்பதை அன்று வகுப்பு புரிந்துகொண்டது. விழுக்காடு என்ற பாடத்தை நான் இதைவிட நன்றாக நடத்தியதில்லை.

வரையும் முறை

நோட்பேடைத் திறந்து கட்டளைகளை வரிசையாக எழுதி, கோப்பின் பெயர் முடிவில் புள்ளி வைத்து "பேட்" என்று சேர்த்துச் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது கோப்பு வகையில் "ஆல் ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நோட்பேட் அதைச் சாதாரண உரைக் கோப்பாகவே சேமித்துவிடும். சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால் கட்டளைகள் ஒவ்வொன்றாக நடக்கும். கடைசி வரியில் நிறுத்திவைக்கும் கட்டளை இல்லாவிட்டால் திரை வந்த வேகத்தில் மறைந்துவிடும். "சார், ஒண்ணுமே வரலை" என்று முதல் நாள் பாதி வகுப்பு சொன்னதற்கு இதுதான் காரணம்.

கட்டளைகளின் போக்கு இது:

1. இன்றைய நீர்மட்டம் என்ன என்று கேட்டு வாங்கு.
2. அதை 40 ஆல் பெருக்கி, அணையின் முழு உயரத்தால் வகு. வரும் ஈவுதான் நிரப்ப வேண்டிய கட்டங்கள்.
3. பட்டையைக் காலியாக்கு. எண்ணியை 0 ஆக்கு.
4. எண்ணி 40 ஆகிவிட்டதா? ஆகிவிட்டால் 6 ஆம் படிக்குப் போ.
5. எண்ணி, நிரப்ப வேண்டிய கட்டங்களைவிடக் குறைவாக இருந்தால் பட்டையோடு # சேர். இல்லாவிட்டால் சிறு கோடு சேர். எண்ணியோடு 1 கூட்டு. மீண்டும் 4 ஆம் படிக்குப் போ.
6. பட்டையை அடைப்புக்குறிக்குள் அச்சிடு. பக்கத்தில் எண்ணையும் அச்சிடு.

பெறுவதற்கும் கணக்கிடுவதற்கும் "செட்", அச்சிட "எக்கோ", திரும்பிப் போக "கோட்டூ", சோதிக்க "இஃப்". இந்த நான்கு கட்டளைகளுக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் பூ வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவதை அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். துளை இருந்தால் பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. # குறியும் சிறு கோடும் அதே கணக்குத்தான். பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804 இல் காப்புரிமை பெற்ற அந்தத் தறியமைப்பின் துளை அட்டையைத்தான் பிறகு சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார் என்று சொன்னபோது, ஒரு மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் வீட்டுத் தறியும் ஆய்வகக் கணினியும் உறவுக்காரர்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

கணினி தசமம் அறியாது

இனிமேல்தான் உண்மையான பாடம் தொடங்கியது. 62.32 என்று எழுதியவுடன் கணினி பிழை காட்டியது. பேட்ச் கோப்பில் உள்ள "செட்" கட்டளைக்கு முழு எண் கணக்கு மட்டுமே தெரியும். தசமப் புள்ளியை அது ஏற்காது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ரூபாயைப் பைசாவா மாத்துற மாதிரி மாத்திடலாம் சார்" என்றாள் ஒரு மாணவி. எல்லா எண்ணையும் நூறால் பெருக்கி 6232, 5904, 2297, 11900 என்று எழுதினோம். 55 அடி 5500 ஆயிற்று. தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும் பாடத்திற்குக் காரணம் கிடைத்தது.

அடுத்து ஒருவன் முதலில் வகுத்துப் பிறகு பெருக்கினான். 5500 ஐ 6232 ஆல் வகுத்தால் ஈவு 0. பூச்சியத்தை 40 ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். நிரம்பப் போகும் அணை காலியாகத் தெரிந்தது. முதலில் பெருக்கினால் 2,20,000. அதை 6232 ஆல் வகுத்தால் 35. தாளில் எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே என்று நாம் கற்பிக்கிறோம். மீதியைத் தூக்கி எறிகிற இடத்தில் வரிசை மாறினால் விடை மாறும்.

மூன்றாவது பிழை என்னையே ஏமாற்றியது. ஒரு குழு அட்டவணை அழகாக இருக்க வேண்டும் என்று எல்லா எண்ணையும் ஒரே அகலத்தில் எழுதியது. ஐந்து இலக்கம் வர வேண்டும் என்பதற்காக 12.50 அடியை 01250 என்று எழுதினார்கள். செண்பகத்தோப்பில் 12.50 அடிக்கு 8 கட்டம் வர வேண்டும். வந்தது 4. பிழைச் செய்தி எதுவும் இல்லை. முன்னால் பூச்சியம் போட்டால் இந்தக் கட்டளை அந்த எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 1250 என்பது நம் கணக்கில் 680. அதே குழு 09.80 அடியை 00980 என்று எழுதியபோது மட்டும் கணினி மறுத்தது. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாதே! கணினி பிழை என்று சொன்னால் நல்லது. பிழை என்று சொல்லாமல் தவறான பட்டையை வரைந்து தருவதுதான் ஆபத்து.

வேறு சில பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நேரம் மிச்சமாகும். நான்கு அணைகளுக்கும் ஒரே கோப்பில் வரையும்போது ஒவ்வொரு முறையும் பட்டையைக் காலியாக்குங்கள். மறந்தால் இரண்டாம் அணை முதல் அணையின் பட்டையோடு ஒட்டி வரும். "ஃபார்" சுழலைப் பயன்படுத்தி அடைப்புக்குறிக்குள் பட்டையை வளர்க்க முயன்றால் ஒரே ஒரு # தான் வரும். ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் உள்ள முழுவதையும் கணினி முதலிலேயே ஒருமுறை படித்து, பட்டையின் அப்போதைய மதிப்பை, அதாவது வெறுமையை, அங்கே நிரப்பிவிடுகிறது. பிறகு எத்தனை முறை சுற்றினாலும் வெறுமையோடு ஒரு # மட்டுமே சேரும். இதற்கு வேறு ஏற்பாடு உண்டு. தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் சொன்ன "கோட்டூ" முறையே போதும். நிரம்பிய கட்டக் குறிகளையும் தமிழ் எழுத்துகளையும் இந்தத் திரை பல கணினிகளில் சரியாகக் காட்டாது. ஆகவே # குறியும் சிறு கோடுமே நம்பகமானவை.

அம்புக்குறியால் போன ஒரு மாதம்

என் தவறையும் சொல்ல வேண்டும். அம்புபோல் அழகாக இருக்கட்டும் என்று அணையின் பெயரை எழுதி, சில கோடுகள் போட்டு, முடிவில் > குறி வைத்து 80 என்று எழுதினேன். திரையில் எதுவும் வரவில்லை. கோப்புறையில் "80" என்ற பெயரில் புதிய கோப்பு ஒன்று பிறந்திருந்தது. கருப்புத் திரையில் > என்றால் "இதைத் திரையில் காட்டாதே, இந்தப் பெயருள்ள கோப்பில் எழுது" என்று பொருள். அதனால்தான் "இதைவிடப் பெரியதா" என்று கேட்க அங்கே > குறியைப் பயன்படுத்தாமல் ஜி.டி.ஆர். என்ற மூன்று எழுத்துகளை எழுதுகிறோம்.

அந்தக் குறி பயனுள்ளதும்கூட. இரண்டு முறை >> என்று எழுதினால் பழையதை வைத்துக்கொண்டு கீழே சேர்க்கும். மாணவர்கள் நாள்தோறும் நீர்மட்டத்தை இப்படி ஒரு கோப்பில் சேர்த்து வந்தார்கள். ஒரு நாள் நான் கோப்பைத் திருத்தும்போது ஒரு குறியை விட்டுவிட்டேன். ஒற்றைக் குறி பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். ஒரு மாதத்துக்கு அவர்கள் எழுதிய எண்கள் போயின. மன்னிப்புக் கேட்டேன். "நோட்டுல எழுதி வெச்சிருக்கோம் சார்" என்று ஒருத்தி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தாளில் எழுதும் பழக்கத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

பட்டை மறைப்பவை

ஒருவன் தவறுதலாக மிருகண்டா நதி அணைக்கு 55 அடி என்று உள்ளிட்டான். கணக்குப்படி 95 கட்டம் வர வேண்டும். ஆனால் எண்ணி 40 இல் நின்றுவிடுவதால் பட்டை அழகாக நிரம்பி நின்றது. "அணை நிரம்பிவிட்டது" என்று அவன் அறிவித்தான். நாங்கள் முதலில் எழுதிய அரைகுறை நிரலாக இருந்திருந்தால் பட்டை அடைப்புக்குறியைத் தாண்டி ஓடியிருக்கும், தவறு கண்ணில் பட்டிருக்கும். திருத்தமாக எழுதிய நிரலில் தவறு உள்ளே மறைந்துகொண்டது. அதன் பிறகு, உள்ளிட்ட எண் முழு உயரத்தைவிட அதிகமானால் பட்டை வரையாமல் "எண்ணைச் சரிபார்" என்று கேட்கும் வரியைச் சேர்த்தோம்.

மறைப்பதில் இன்னொரு வகை உண்டு. சாத்தனூர் பட்டையில் ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 3 அடி. ஓர் இரவில் 2 அடி ஏறினாலும் பட்டை அசையாமல் நிற்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் வெளியேறியதையும், தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் கரையோரத்து மக்களுக்கு இரண்டு எண்கள் வேண்டும்: நீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது. நம் பட்டை முதலாவதை மட்டும், அதுவும் முரட்டுத்தனமாகக் காட்டுகிறது. ஆகவே நேற்றைய பட்டையையும் இன்றைய பட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டோம். பக்கத்தில் எண்ணை, தசமத்தோடு, கட்டாயம் அச்சிட்டோம். பட்டை கண்ணுக்கு, எண் கணக்குக்கு.

உயரம் ஒன்று, தண்ணீர் ஒன்று

"பட்டை பாதி இருந்தால் தண்ணீரும் பாதி இருக்குமா?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றது வகுப்பு. ஒரு டம்ளரும் ஒரு புனலும் கொண்டு வரச் சொன்னேன். புனலின் வாயை அடைத்து, பாதி உயரம் வரை நீர் ஊற்றி அளந்தார்கள். முழுப் புனலில் இருந்ததில் அது பாதிக்கு வெகு கீழே இருந்தது. மலைப் பள்ளத்தாக்கு அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். அதனால் அணையின் மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம்.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு ஏறத்தாழ 65 டிஎம்சி. உயரத்தை வைத்து வரைந்தால் 33 கட்டம். தண்ணீரின் அளவை வைத்து வரைந்தால் 27 கட்டம். இரண்டும் உண்மையே. குறுவைக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கும் உழவருக்கு இரண்டாவது பட்டை வேண்டும்.

தண்ணீரின் அளவைப் போடும்போது ஒரு குழு சாத்தனூரின் கொள்ளளவான 7321 மில்லியன் கன அடியை முழுதாக விரித்து, 732,10,00,000 என்று இலக்கமிட்டது. கணினி மறுத்துவிட்டது. 214 கோடிக்குச் சற்று மேல் வரைதான் இந்தக் கட்டளையால் எண்ண முடியும். பொருத்தமான அலகைத் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, வீட்டுத் தறியில் நெய்யும் சேலைக்குப் பட்டை வரையலாமா என்று கேட்டாள். ரவிக்கைத் துணியோடு 630 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு வரைந்தாள். நான்கு நாள் கழித்து வந்து, "பட்டை பொய் சொல்லுது சார்" என்றாள். உடல் பகுதி நெய்யும்போது கட்டங்கள் மளமளவென்று நிரம்பினவாம். முந்தானைக்கு வந்ததும் பட்டை நின்றுவிட்டதாம். ஜரிகை வேலை அதிகம், ஒரு சாண் நெய்ய உடலைவிட நெடுநேரம் ஆகும். "அப்பா நாளெல்லாம் தறியில உட்கார்ந்திருக்காரு, பட்டையில ஒரு கட்டம்கூட ஏறலை" என்றாள்.

பட்டை பொய் சொல்லவில்லை. அது நீளத்தை அளந்தது. அவள் உழைப்பைக் கேட்டாள். கணினியில் கோப்பை நகலெடுக்கும்போது 99 விழுக்காட்டில் நின்றுவிடுகிறதே, அங்கேயும் பல நேரம் இதே கதைதான். அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்த திருத்தம் இது: நீளத்துக்கு ஒரு பட்டை, நாட்களுக்கு ஒரு பட்டை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தறியில் நடப்பது தெரியும்.

மதிப்பெண் பதிவேட்டில் அதே பட்டை

கடைசியாக, நம்மைப் பற்றி ஒரு சொல். இந்த நிரல் பிடித்துப்போய், வகுப்பின் மதிப்பெண்களை 20 கட்டப் பட்டைகளாக அச்சிட்டேன். சுவரில் ஒட்டும் எண்ணம். ஒட்டுவதற்கு முன்பு நல்ல வேளையாக உட்கார்ந்து பார்த்தேன்.

4 மதிப்பெண் எடுத்த மாணவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 4 ஐ 20 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் ஈவு 0. அவன் பள்ளிக்கு நீண்ட நாள் வராமல் இருந்து திரும்பி வந்தவன். அந்த 4 மதிப்பெண் அவன் தானாக எழுதியது. பட்டையில் அவன் எதுவுமே எழுதாதவன். 30 எடுத்தவளுக்கும் 34 எடுத்தவனுக்கும் ஒரே 6 கட்டம். 34 எடுத்தவனுக்கு 6, 35 எடுத்தவனுக்கு 7. நான்கு மதிப்பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது, ஒரு மதிப்பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

வகுப்பதற்கு முன் வகுஎண்ணில் பாதியைக் கூட்டிக்கொண்டால் அருகிலுள்ள கட்டத்துக்கு முழுமையாக்கலாம். இங்கே 50 கூட்ட வேண்டும். அப்போது 4 க்கு ஒரு கட்டம் கிடைக்கும். 34, 35 இரண்டுக்கும் 7 கட்டம் கிடைக்கும். ஆனால் 98 எடுத்தவளுக்கு 20 கட்டமும் நிரம்பிவிடும். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் வேறொன்று மறையும். அணைக்கு முன்கூட்டியே "நிரம்பியது" என்று காட்டுவது எச்சரிக்கையாக அமையலாம். குழந்தைக்கு "ஒன்றுமில்லை" என்று காட்டுவது அப்படியல்ல. மீதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. பட்டை யாருக்காக வரையப்படுகிறது என்று தெரிந்த ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் சென்ற தேர்வின் பட்டையையும் இந்தத் தேர்வின் பட்டையையும், எண்ணோடு சேர்த்து, தனித்தாளில் கொடுத்தேன். 4 மதிப்பெண் மாணவனின் அடுத்த தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன.

நாளை வகுப்பில்

மேல்நிலை வகுப்பில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பைத்தானும் படிக்கிறார்கள். அவற்றின் முன்னால் இந்தப் பேட்ச் கோப்பு பழைய சைக்கிள்தான். ஆனால் நிறுவ எதுவும் வேண்டாம், இணையம் வேண்டாம், தனி அனுமதி வேண்டாம். பாஸ் லினக்ஸ் உள்ள கணினியில் கட்டளைகள் மாறும், கணக்கு மாறாது. எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம்.

கணினியே இல்லாத தொடக்கப் பள்ளியில் புளியங்கொட்டை போதும். தரையில் இருபது கட்டம் போடுங்கள். வகுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை முழு அளவு, இன்று வந்தவர்கள் அளவு. 32 பேரில் 27 பேர் வந்தால் எத்தனை கட்டத்தில் கொட்டை வைக்கலாம் என்று கேளுங்கள். 16 கட்டம் வைத்த பின் மீதி வரும். "அந்த மீதியை என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். குழந்தைகள் வாதிடுவார்கள். அந்த வாதம்தான் பாடம்.

எந்தப் பட்டையைக் காட்டினாலும் மூன்று கேள்விகளை மாணவர்கள் கேட்கப் பழகட்டும்: இது எதை அளக்கிறது? முழு அளவு எது? மீதி எங்கே போயிற்று? அணைக்கும் தறிக்கும் இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன்னைப் பற்றி யாராவது ஒரு பட்டை வரைந்து நீட்டினாலும் கேட்கும்.